இந்திய–சீன அபின் உடன்படிக்கையும் அதன் பின்விளைவும்

அபின் என்னும் சொல் தமிழுக்கு வந்தேறியது. செடியின் பாலைக் குறித்த கிரேக்கச் சொல்லொன்று அரபு மொழியில் 'அஃபியூன்' எனத் திரிந்து, வாணிகர் வாயிலாக இந்திய மொழிகள் பலவற்றுள் புகுந்து, தமிழில் அபின் எனவும் அபினி எனவும் நிலைபெற்றது. அச்செடியின் விதையாகிய கசகசாவோ ஒரு தீங்கும் செய்யாது நம் அடுக்களையில் குடியிருக்கின்றது. சொல்லின் செலவை ஆராய்வார்க்குப் பொருளின் செலவும் ஆராய்ச்சிக்குரியதே. கடல் கடந்து சென்ற இப்பொருளைத் தடுப்பதற்கு இரண்டு அரசுகள் கூடிச் செய்த முயற்சியொன்றனை ஈண்டு ஆராய முற்படுகின்றோம்.

போதைப்பொருட் கடத்தலைத் தடுக்க அண்டை நாடுகள் கூடிச் செயலாற்றுதல் அண்மைக் காலத்துப் புதுமை என்று கருதுவாரும் உளர். ஆசியாவில் அதற்கு நூறாண்டுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு. 1907ஆம் ஆண்டில் பிரிட்டனும் சீனமும் செய்துகொண்ட பத்தாண்டு ஏற்பாடே அவ்வரலாற்றின் தலைவாயில். இதனை அறவுணர்ச்சியின் வெற்றி என்று போற்றுவோரும் உண்டு. ஏகாதிபத்தியத்தின் நாடகம் என்று தள்ளுவோரும் உண்டு. இவ்விரு கூற்றும் முழுதும் பொருந்துவன அல்ல என்பது நம் கருத்து. விற்கும் அரசு தன் வருவாயை இழக்க உடன்பட்டதும், வாங்கும் அரசு தன் வயல்களைப் பிறர் கண்டறிய விட்டதுமே அவ்வேற்பாட்டின் உயிர்நிலை. அவ்விரண்டும் இருந்த வரையில் அது நடந்தது.

பின்னணியைச் சுருங்கக் கூறுதும். சீனப் பேரரசர் புகைத்தற்குரிய அபினை விற்பதற்கு 1729ஆம் ஆண்டிலேயே தடை விதித்தார். அதற்கு நாற்பத்து நான்கு ஆண்டுகளின் பின், 1773இல், வாரன் ஹேஸ்டிங்ஸ் வங்காள அபினைக் கம்பெனியின் தனியுரிமை ஆக்கினார். பீகாரிலும் காசிப் பகுதியிலும் உழவர்க்கு முன்பணம் கொடுத்து, கம்பெனி குறித்த விலைக்கே பாலைக் கொண்டு, பாட்னாவிலும் காசிப்பூரிலும் பதப்படுத்திப் பெட்டிகளில் அடைத்துக் கல்கத்தாவில் ஏலம் விட்டனர். ஒரு பெட்டி ஏறத்தாழ 60 கிலோ எடையுடையது. மாளவத்துச் சுதேச அரசுகளில் விளைந்த அபின் பம்பாய்த் துறைமுகத்துக்குச் செல்லும் வழியில் பெட்டிக்கு இவ்வளவு எனச் சுங்கம் கொண்டனர்.

இவ்விடத்து ஒரு நுட்பம் கருதத் தக்கது. கம்பெனி தன் கப்பலில் ஒரு பெட்டியையும் சீனத்துக்கு ஏற்றவில்லை. கல்கத்தா ஏலத்தோடு அதன் பொறுப்பு முடிந்தது. ஏலத்தில் எடுத்தவன் எங்குக் கொண்டு செல்கின்றான் என்பதைக் கம்பெனி அறியாதது போல் இருந்தது. தனி வாணிகர் அதனை முத்தாற்றின் முகத்திலிருந்த லின்டின் தீவுக்குக் கொண்டு சென்றனர். அங்கிருந்து விரைவுப் படகுகள் இரவோடிரவாகக் கரை சேர்த்தன. ஓர் அரசின் ஏலக் கூடத்தில் முறையான சரக்காயிருந்தது மற்றோர் அரசின் கடற்கரையில் கள்ளச் சரக்காயிற்று. கடத்தல் என்பது பொருளின் இயல்பன்று, இரு சட்டங்களுக்கு இடைப்பட்ட இடைவெளி என்பதனை இதனினும் தெளிவாகக் காட்டும் சான்று அரிது.

இதன்பின் நிகழ்ந்தன யாவரும் அறிந்தவை. லின் செசூ என்னும் ஆணையர் 1839இல் இருபதினாயிரத்துக்கு மேற்பட்ட பெட்டிகளைக் கைப்பற்றி ஹூமென் கரையில் அழித்தார், போர் மூண்டது, 1842இல் நான்கிங் உடன்படிக்கை வந்தது, இரண்டாம் போரின் இடையே, 1858இல், அபின் சுங்கம் செலுத்தும் பண்டமாகச் சீனத்துள் ஏற்கப்பட்டது. அன்றுமுதல் சட்டத்தின் கண்ணில் கடத்தல் மறைந்தது. புகைப்போர் தொகையோ பெருகிற்று. சீன உழவரும் கசகசாவைப் பயிரிடத் தொடங்கினர். நூற்றாண்டின் இறுதியில் சீனத்து விளைவு இந்திய இறக்குமதியினும் பல மடங்கு மிகுந்திருந்தது. இவ்வுண்மை பின்னர் உடன்படிக்கைக்குப் பெருஞ்சிக்கலாக வந்து நின்றது.

இந்திய அரசுக்கு அபின் வருவாய் நிலவரியோடும் உப்புவரியோடும் சேர்த்து எண்ணத்தக்க ஒரு தூணாக இருந்தது. 1893இல் அமைக்கப்பட்ட அரச ஆணைக்குழு எழுநூற்றுக்கு மேற்பட்ட சாட்சிகளைக் கேட்டு, 1895இல் அறிக்கை தந்தது. பழைய நிலையே தொடரலாம் என்பது அதன் சாரம். அக்குழு கேட்ட வினாக்களைக் காணும்போது, தீமை உண்டா என்பதினும் அவ்வருவாய் போயின் ஈடு யாது என்பதே அதன் உள்ளத்தில் இருந்ததென்று கொள்ள வேண்டியுளது. வள்ளுவர் கள்ளுண்ணாமையை அறத்துப்பாலில் வையாது பொருட்பாலில் வைத்தமை ஈண்டு நம் நினைவுக்கு வருகின்றது. அதன் காரணம் பற்றி உரையாசிரியர் கூறுவன வேறு. ஆயினும் போதை அரசியலைச் சார்ந்த பொருள் என்பதற்கு அவ்வைப்பு முறை இசைந்தே நிற்கின்றது.

1906ஆம் ஆண்டில் இரண்டு நிகழ்ச்சிகள் அடுத்தடுத்து வந்தன. மே மாதத்தில் பிரிட்டிஷ் காமன்ஸ் சபை, இந்திய–சீன அபின் வாணிகம் அறத்தின்பாற்பட்டதன்று என்று தீர்மானித்தது. செப்டம்பரில் சிங் பேரரசு, பத்தாண்டுக்குள் அபின் புகைத்தலும் கசகசாப் பயிரும் நாட்டில் இல்லாதொழிய வேண்டும் என ஆணையிட்டது. சீனம் தன் பயிரை ஒழித்தால் இந்தியாவும் தன் ஏற்றுமதியை ஒழிக்கும் என்னும் ஏற்பாடு அடுத்த ஆண்டில் உருவாயிற்று. சீனத்துக்குச் சென்ற இந்திய அபின் ஆண்டுக்கு 51,000 பெட்டி எனக் கணக்கிட்டு, 1908 முதல் ஆண்டுதோறும் பத்தில் ஒரு பங்கு, அஃதாவது 5,100 பெட்டி, குறைத்து வருவது என்று முடிவாயிற்று. முதல் மூன்றாண்டு தேர்வுக் காலம். அதற்குள் சீனம் தன் பங்கைச் செய்து காட்டினால் ஏற்பாடு தொடரும்.

இரு தரப்பினரும் ஒருவரையொருவர் நம்பவில்லை. உள்நாட்டு அபினுக்குச் சந்தையை ஒழித்துத் தருவதற்கே சீனர் இதனைச் சூழ்கின்றனர் என்று ஆங்கில அதிகாரிகள் பலர் எண்ணினர். போர் செய்து அபினைத் திணித்தவரே இன்று சான்று கேட்பதா என்று சீனர் மனம் புழுங்கினர். இரண்டு ஐயமும் காரணம் உடையனவே. நம்பிக்கையின்மை இவ்வளவு இருந்தும் ஏற்பாடு நிலைத்தமைக்குக் காரணம், அது நம்பிக்கையின்மேல் கட்டப்படவில்லை என்பதே. கண்டறிதலின்மேல் கட்டப்பட்டது.

கண்டறிதற்கென அனுப்பப்பட்டவருள் தலைசிறந்தவர் அலெக்சாண்டர் ஓசி. சீனத்தில் நெடுங்காலம் தூதரகப் பணியாற்றிச் சீன மொழியும் நாட்டு வழக்கமும் அறிந்த அவர், 1910–11இல் சான்சி, சென்சி, கான்சு, செச்சுவான், யுன்னான், குவெய்சௌ ஆகிய மாகாணங்களின் வழியே பயணம் செய்து, கசகசா பூக்கும் பருவத்தில் வயல்களைக் கண்டு குறித்தார். செச்சுவான் சீனத்தின் மிகப் பெரிய அபின் நிலமாக இருந்தது. அங்கே பயிர் ஏறக்குறைய அற்றுப்போனதை அவர் கண்டார். சான்சியிலும் அங்ஙனமே. பிற மாகாணங்களில் குறைந்திருந்தது; ஒழியவில்லை. விற்கும் நாட்டின் அலுவலர் ஒருவர், வாங்கும் நாட்டின் உள்நாட்டு வயல்களை இங்ஙனம் நடந்து கண்டு, சீனர்க்குச் சார்பான முடிவையும் மறைக்காது எழுதினார் என்பது நாடுகளின் கூட்டு முயற்சி பற்றிய வரலாற்றில் சிறப்பாகக் குறிக்கத் தக்கது. அவர் தம் பயணத்தைப் பின்னர் 1914இல் நூலாகவும் வெளியிட்டார்.

அந்த வெற்றியின் மறுபக்கத்தையும் கூறாது விடலாகாது. பயிரை ஒழித்தல் என்பது அரசாணையில் ஒரு வரி. ஊரில் அது படைவீரர் வந்து செடியைப் பிடுங்கியெறிதல். மலைப்பாங்கான மேற்கு மாகாணங்களில் அபினே எளிதில் சுமந்து சென்று விற்கத்தக்க விளைபொருள். அதற்கு ஈடாக வேறொரு பயிர் தரப்படவில்லை. ஆங்காங்கே உழவர் எதிர்த்து நின்றனர், குருதியும் சிந்திற்று. உடன்படிக்கையின் எழுத்தில் இவ்வுழவர்க்கு இடமே இல்லை. பீகார் உழவரும் அங்ஙனமே: பயிரிடுக என்று முன்பணம் கொடுத்த அரசு பயிரிடற்க என்று நிறுத்தியபோது அவரை யாரும் கேட்டிலர்.

ஓசியின் அறிக்கைகளுக்குப் பின், 1911 மே 8ஆம் நாள் பீகிங்கில் புதிய உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. இதன் விதிகள் முந்தியவற்றினும் நுண்மையுடையன. எம்மாகாணம் தன் பயிரை முற்றும் ஒழித்ததென்று நிறுவப்படுகின்றதோ அம்மாகாணத்துள் இந்திய அபின் அன்றே நுழைதல் கூடாது. ஷாங்காயும் கான்டனும் இறுதியில் அடைக்கப்படும். நாடு முழுவதும் பயிர் ஒழிந்தால், 1917க்கு முன்னரே ஏற்றுமதி நின்றுவிடும். சீனத்துக்கெனக் கப்பலேறும் ஒவ்வொரு பெட்டிக்கும் இந்திய அரசு தொடர் எண் இட்ட உரிமச் சீட்டு வழங்கும். 1911ஆம் ஆண்டில் 30,600 சீட்டு, பின்னர் ஆண்டுதோறும் 5,100 குறைவு. லின்டின் காலத்தில் ஏலத்தோடு கைகழுவிய அரசு, இப்போது பெட்டி எங்குச் செல்கின்றது என்பதை எண்ணிட்டுத் தொடர்ந்தது. இரு காலத்துக்கும் உள்ள வேறுபாடு முழுவதும் அவ்வெண்ணில் அடங்கிவிடுகின்றது.

ஆனால், வாணிகம் தன் வழியே சென்றது. பெட்டிகள் குறையக் குறைய ஒவ்வொரு பெட்டியின் விலையும் ஏறிற்று. தியாகம் என்று பேசப்பட்ட அவ்வாண்டுகளில் இந்திய அரசின் அபின் வருவாய் சில ஆண்டு குறைவதற்கு மாறாக உயர்ந்தது! வாணிகரோ இன்னும் ஏறும் என்று கருதி வாங்கிக் குவித்தனர். மாகாணங்கள் ஒவ்வொன்றாக அடைபட, ஷாங்காயிலும் ஹாங்காங்கிலும் விற்கவியலாத பெட்டிகள் மலைபோல் தேங்கின. 1912இல் பேரரசு வீழ்ந்து குடியரசு வந்த குழப்பத்தில், சில மாகாணங்களில் கசகசா மீண்டும் தலைகாட்டிற்று. ஆயினும் 1913 மே மாதத்தில், சீனத்துக்கென அபின் விற்பதை இந்தியா நிறுத்திவிட்டதாகக் காமன்ஸ் சபையில் அறிவிக்கப்பட்டது. பாட்னாத் தொழிற்சாலை அதற்கு முன்னரே மூடப்பட்டிருந்தது. தேங்கிய சரக்கில் எஞ்சியதைச் சீன அரசு தானே விலைகொடுத்து வாங்கி, 1919 சனவரியில் ஷாங்காயில் எரித்தது. லின் செசூ ஹூமெனில் அழித்ததற்கும் இதற்கும் இடையே எண்பது ஆண்டுகள்.

இத்துணைச் செய்தும் பயன் நிலைக்கவில்லை. காரணம் மூன்று கூறலாம். அவற்றுள் முதலாவதே வலியது. 1916க்குப் பின் சீனத்தில் நடுவரசு பெயரளவில் நின்றது. மாகாணந்தோறும் படைத்தலைவர் ஆண்டனர். படைக்குப் பணம் வேண்டும். அபினினும் எளிய பணம் இல்லை. ஒழித்த வயல்களில் உழவரைக் கட்டாயப்படுத்தியே கசகசா விதைக்கச் செய்த தலைவரும் இருந்தனர். கையெழுத்திட்ட அரசு தன் எல்லைக்குள் ஆணை செலுத்த இயலாதாயின், பிற நாட்டோடு செய்த உடன்பாடு காற்றில் எழுதிய எழுத்தே. இரண்டாவது, உடன்படிக்கை அபினை மட்டுமே கண்டது. ஐரோப்பாவில் செய்த மார்பின் சிறு பொதிகளாக ஜப்பானிய வாணிகர் கைவழியே சீனத்துள் புகுந்ததை அது காணவில்லை.

மூன்றாவது, சீனம் அடைபட்டபோது இந்திய அபின் அழியவில்லை, திசை மாறிற்று. மலேயா, சயாம், இந்தோசீனம், டச்சுக் கிழக்கிந்தியத் தீவுகள் ஆகிய இடங்களில் அபின் விற்பனை அரசுகளின் தனியுரிமையாக இருந்தது. அவ்வரசுகளுக்கு இந்திய அரசு நேரே விற்றது. நீரிணைக் குடியேற்றங்களின் வருவாயில் சில ஆண்டுகளில் ஏறத்தாழப் பாதி அபினிலிருந்தே வந்தது. மலேயாவின் வரலாற்றைத் தமிழர் வரலாற்றின் பகுதியாகக் கற்பார் இதனை மறத்தலாகாது: தோட்டத்துத் தமிழர்க்குக் கள்ளுக்கடையும், சுரங்கத்துச் சீனர்க்கு அபின் கடையும் திறந்து வைத்து, அவ்விருவரின் கூலியிலிருந்தும் அரசு தன் பங்கை மீட்டுக்கொண்டது. இந்தியா இவ்வேற்றுமதியையும் படிப்படியாகக் குறைத்து 1935 இறுதியில் நிறுத்துவதென 1926இல் முடிவு செய்தது. இரு நாடு கூடி ஒரு வழியை அடைத்தால் சரக்கு மூன்றாம் நாட்டின் வழியே பாய்கின்றது. ஆதலின் அண்டை நாடுகள் யாவும் ஒருங்கு சேர்தல் வேண்டும் என்னும் எண்ணத்துக்கு இந்நிகழ்ச்சி வலுவூட்டிற்று.

அவ்வெண்ணத்தின் முதல் வடிவம் உடன்படிக்கை நடைபெற்ற காலத்திலேயே தோன்றிவிட்டது. 1909 பிப்ரவரியில் ஷாங்காயில் 13 நாடுகள் கூடின. பிலிப்பைன்ஸ் தீவுகளில் அபின் ஒழிப்புக்கு உழைத்த பேராயர் சார்லஸ் பிரெண்ட் தலைமை வகித்தார். அங்கு எடுத்த தீர்மானங்கள் எவரையும் கட்டுப்படுத்தா. எனினும் அவற்றின் வழியே 1912 சனவரி 23இல் ஹேக் நகரத்து உடன்படிக்கை பிறந்தது. அபினோடு மார்பின், கொக்கெய்ன் ஆகியனவும் அதில் அடங்கின. ஷாங்காய்க் கூட்டத்திற்கு வாராதிருந்த நாடு ஒன்றனையும் குறிக்க வேண்டும். பேரளவில் அபின் விளைத்த துருக்கி அங்கு இல்லை.

இதே குறை தென்கிழக்காசியாவில் மீண்டும் தோன்றிற்று. 1949க்குப் பின் சீனத்துள் அபின் கடுமையாக ஒழிக்கப்பட்டது. பயிர் எல்லை கடந்தது. தோல்வியுற்று யுன்னானிலிருந்து பர்மாவின் ஷான் மலைகளுக்குள் புகுந்த கோமின்டாங் படையினர் அபின் வாணிகத்தால் வாழ்ந்தனர். பர்மா, லாவோஸ், தாய்லாந்து மூன்றும் சந்திக்கும் மலைநிலம் 'தங்க முக்கோணம்' எனப் பெயர் பெற்றது. தென்கிழக்காசிய நாடுகளின் சங்கமாகிய ஆசியான் 1976 சூனில் போதைப்பொருள் எதிர்ப்பு நெறிமுறைகளை அறிவித்தது. அப்போது அச்சங்கத்தில் தாய்லாந்து இருந்தது. பர்மாவும் லாவோசும் இல்லை. கசகசா மிகுதியாக விளையும் இரண்டு நாடுகளை வெளியே நிறுத்தி வைத்துக்கொண்டு கசகசாவைப் பற்றிப் பேசிய அவ்வறிவிப்பு எவ்வளவு பயன்படும்? அவ்விரு நாடும் சங்கத்துள் வந்தது 1997இல்தான். இதனினும் பொருத்தமானது, 1993இல் சீனம், லாவோஸ், மியன்மார், தாய்லாந்து ஆகிய நான்கும் ஐ.நா. போதைப்பொருட் கட்டுப்பாட்டு அமைப்போடு செய்த உடன்பாடு. விளைவிக்கும் நாடும், கடக்கும் நாடும், நுகரும் நாடும் அங்கே ஒரே மேசையில் அமர்ந்தன. 1995இல் கம்போடியாவும் வியட்நாமும் சேர்ந்தன.

செச்சுவான் உழவர்க்குக் கிட்டாத ஒன்று தாய்லாந்தின் வடமலை மக்களுக்குக் கிட்டியது. 1969இல் தொடங்கிய அரசத் திட்டம் அபினுக்கு மாற்றாகக் காப்பி, பழம், காய்கறி முதலியவற்றை அறிமுகம் செய்து, அவற்றைச் சந்தைக்குக் கொண்டு செல்லும் வழியையும் அமைத்தது. அப்பணிக்குப் பல்லாண்டுகள் சென்றன. செடியைப் பிடுங்குதல் ஒரு நாள் வேலை; சாலையும் சந்தையும் அமைத்தல் ஒரு தலைமுறை வேலை. தாய்லாந்தின் பயிர் மீண்டும் தழைக்காமைக்கு இதுவே காரணமென்பது நம் துணிபு.

எல்லைக் காவலிலும் கூட்டுறவு வளர்ந்துள்ளது. 2011 அக்டோபரில் மேக்கொங் ஆற்றில் சீன மாலுமியர் பதின்மூவர் கொல்லப்பட்டனர். அவ்வாண்டு டிசம்பர் முதல் நான்கு நாடுகளின் படகுகள் ஆற்றில் கூட்டுக் காவல் புரியத் தொடங்கின. கொலைக்குத் தலைவனாகிய நவ் காம் 2012இல் லாவோசில் பிடிபட்டான். ஒரு நாட்டு ஆற்றில் மற்றொரு நாட்டின் காவற்படகு செல்லுதல் எளிதில் இசையத்தக்கதன்று. ஓசிக்கு வயல்கள் திறந்தமை போன்றதே இதுவும்.

ஆயின் 1916இன் நிலையும் மியன்மாரில் மீண்டிருக்கின்றது. அங்கே கசகசாப் பரப்பு 2006இல் ஏறத்தாழ 21,500 ஹெக்டேராகக் குறைந்திருந்தது. 2021இல் படையாட்சி வந்து உள்நாட்டுப் போர் பரவியபின் அது ஏறி, 2023இல் 47,100 ஹெக்டேர் என ஐ.நா. அளவாய்வு கண்டது. 2022இல் ஆப்கானிஸ்தானத்தில் தாலிபான் ஆட்சி விதித்த தடையால் அங்குப் பயிர் அருகியதும் சேர, 2023இல் உலகில் மிகுதியாக அபின் விளைக்கும் நாடாக மியன்மார் ஆயிற்று. உடன்பாடுகளில் கையெழுத்திட்ட தலைநகரின் ஆணை, ஷான் மலைகளின் பெரும்பகுதியில் செல்லவில்லை.

இதனினும் கடியதொரு மாற்றமும் நேர்ந்துள்ளது. இன்று அம்மலைகளிலிருந்து புறப்படும் சரக்கில் மிகுந்தது செடியின் பாலன்று. வேதிப்பொருள்களைக் கூட்டிச் செய்யும் மெத்தாம்பெட்டமின். 2021ஆம் ஆண்டில் மட்டும் கிழக்காசியாவிலும் தென்கிழக்காசியாவிலும் பிடிபட்ட அதன் மாத்திரைகள் நூறு கோடிக்கு மேற்பட்டன. இதற்கு விதையும் பருவமும் வேண்டா. பூக்கும் காலத்தில் மலையேறிச் சென்று காண்பதற்கு வயலும் இல்லை. மூலப்பொருள்களோ மருந்துக்கும் சாயத்துக்கும் வேறு தொழிலுக்கும் முறையாகப் பயன்படுவன. அண்டை நாட்டுத் தொழிற்சாலைகளிலிருந்து முறையான சீட்டோடு புறப்பட்டு இடைவழியில் திசைமாறுவன. அவற்றைத் தொடர்வதற்கு இப்பொழுது மேற்கொள்ளப்படும் முறை, ஏற்றுமதி செய்யும் நாடு சரக்குப் புறப்படுமுன் இறக்குமதி செய்யும் நாட்டுக்கு அறிவித்து அதன் இசைவைப் பெறுதல். 1911இல் பீகிங்கில் வகுத்த எண்ணிட்ட சீட்டின் வழித்தோன்றல் இது. அன்று எண்ணிடுவதற்குப் பெட்டிகள் முப்பதாயிரம் இருந்தன.